ஊரீசு பனியாறு, ஆக்ஸிலியம் பனியாறு
குழு: பாலாற்றங்கரைக் குடும்பம்

சண்முகம் (கப்பலில்), காலை 7.42
அனைவருக்கும் காலை வணக்கம். உங்களுக்குத்தான் காலை, இங்கே இன்னும் நேற்றைய மாலை 6.12. கப்பலில் எங்களுக்கு இதுவே கடைசி நாள். நாளை விடிந்ததும் அலாஸ்காவின் விட்டியர் துறைமுகத்தில் இறங்க வேண்டும் என்பதால், அதற்கு முன்பாக ‘காலேஜ் ஃபியோர்டு’ என்னும் நீண்ட கடற்கழிக்குள் கப்பலை ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டிச் செல்கிறார்கள். 1899இல் ஹாரிமன் என்ற ரயில்வே முதலாளி அழைத்து வந்த ஆய்வுக் குழுவினர், இங்குள்ள பனியாறுகளுக்கெல்லாம் அமெரிக்கக் கல்லூரிகளின் பெயர்களைச் சூட்டிவிட்டுப் போனார்களாம். ஒரு கரை முழுக்க வெல்லஸ்லி, வாசர், ஸ்மித் என்று பெண்கள் கல்லூரிகள். கழியின் தலைமாட்டில் ஹார்வர்டு. அதன் பக்கத்தில் யேல்.

செல்வி (குடியாத்தம்), காலை 7.45
நம் வேலூர்க்காரர்கள் போயிருந்தால் நம் கல்லூரிகளின் பெயர்களை, இந்தப் பக்கம் ஊரீசு, முத்துரங்கம் என்றும், எதிர்க்கரையில் பெண்கள் கல்லூரிகளான ஆக்ஸிலியம், டி.கே.எம். என்றும் வைத்திருப்பார்கள் அண்ணா.

வேலாயுதம் (சத்துவாச்சாரி), காலை 7.51
அண்ணா, நான்கு நாட்களாகப் பனி இடிந்து விழும் காணொலிகளையே அனுப்புகிறீர்கள். அழிந்துகொண்டிருக்கும் ஒன்றைக் காசு கொடுத்துப் பார்த்துக் கைதட்டுவது, இழவு வீட்டில் போய்ப் பந்தி விசாரிப்பதைப் போல எனக்குப் படுகிறது.

சண்முகம் (கப்பலில்), காலை 8.03
ஊருக்கெல்லாம் கணக்கு எழுதிக் கொடுக்கும் நீயே, செலவுப் பக்கத்தை மட்டும் பார்த்துக் கடை நொடித்துவிட்டது என்று சொல்லலாமா? மலை உச்சியில் பெய்யும் பனிதான் இதற்கு வரவு. அது ஆண்டுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்தி, இறுகிக் கட்டியாகி, தன் பாரத்தாலேயே சரிவில் ஊர்ந்து கடலைத் தொடும்போது முகப்பு உடைந்து விழுகிறது. நல்ல நிலையில் உள்ள பனியாறும் இப்படி உடையத்தான் செய்யும். ஹார்வர்டு கடந்த நூற்றாண்டில் மெல்ல முன்னேறி வந்திருக்க, அதே கழியில் அண்டை வீட்டுக்காரனான யேல் பின்வாங்கியிருக்கிறது. அதற்காக உன் வருத்தம் வீண் என்று நான் சொல்லவில்லை. அலாஸ்காவின் பனியாறுகளில் பெரும்பாலானவை நஷ்டக் கணக்கில்தான் இருக்கின்றன. முந்தாநாள் போன ‘கிளேசியர் பே’ என்னும் விரிகுடாவில், 1794இல் ஆங்கிலேயக் கடலோடி வான்கூவரின் ஆட்கள் வந்தபோது அதன் வாயிலையே பனிச்சுவர் அடைத்திருந்தது. நாங்கள் அந்த முகப்பைக் காண ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உள்ளே போக வேண்டியிருந்தது.

வேலாயுதம் (சத்துவாச்சாரி), காலை 8.06
வரவும் செலவும் சேர்ந்த கணக்கு என்றால் ஏற்றுக்கொள்கிறேன். கைதட்டலை மட்டும் ஏற்க மாட்டேன்.

கயல்விழி, காலை 8.07
பெரியப்பா, விழும் ஓசை எப்படி இருக்கும்? காணொலியில் காற்றின் இரைச்சல்தான் கேட்கிறது.

சண்முகம் (கப்பலில்), காலை 8.15
கட்டி சரிவது முதலில் கண்ணுக்குத் தெரியும். ஓசை பிறகுதான் வந்து சேரும். இப்போது விழுந்ததற்கு ஐந்து விநாடி எண்ணினேன். தூரத்தை நீயே சொல்.

கயல்விழி, காலை 8.16
ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகிறது என்று கொண்டால் 1,700 மீட்டர்.

சண்முகம் (கப்பலில்), காலை 8.24
சரி. ஆனால் என் மனத்தில் நிற்பது அந்த இடியோசை அன்று. கப்பல் நின்றதும் சுற்றிலும் மிதந்த சிறு பனிக்கட்டிகளிலிருந்து, தாளிக்கும்போது கடுகு வெடிப்பதைப் போல இடைவிடாத பொரிச்சல் கேட்டது. பனி இறுகிய காலத்தில் உள்ளே சிக்கிக்கொண்ட காற்று, கட்டி கரையக் கரைய வெடித்து வெளியேறுகிறதாம். அதன் நடுவே ஒரு கடல் நீர்நாய் மல்லாந்து படுத்து, நெஞ்சின்மேல் கைகளைக் கட்டிக்கொண்டு, திண்ணையில் படுத்த தாத்தாவைப் போல மிதந்து போயிற்று.

செல்வி (குடியாத்தம்), காலை 8.27
இங்கே அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது. பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது. நீங்களோ படத்தில் கட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறீர்கள். பர்மா பஜாரில் வாங்கிய ஸ்வெட்டர் என்ன ஆயிற்று அண்ணா?

சண்முகம் (கப்பலில்), காலை 8.31
நாளை இறங்குவதால் பெட்டிகளை இன்றிரவு அறை வாசலில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். உன் அண்ணி அவசரப்பட்டுப் பிற்பகலிலேயே வைத்துவிட, பணியாளர் எடுத்துச் சென்றுவிட்டார். இரண்டு ஸ்வெட்டர்களும் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. இனி துறைமுகத்தில்தான் கிடைக்கும்.

மீனாட்சி (கப்பலில்), காலை 8.33
“கடைசி நேரத்தில் கூட்டம் சேரும், இப்போதே வெளியே தள்ளு” என்று மூன்று முறை சொன்னவர் யார் என்பதையும் அவரையே எழுதச் சொல்லுங்கள். போர்வையும் என்னுடையது.