ஹேட்ச்பேக் காருக்கு உயரமான பின் விங்: பயன் உண்டா?

வைகைக்கரை:
என்னுடையது முன்சக்கரம் இழுக்கும் சின்ன ஹேட்ச்பேக். பைபாஸில் 100 தாண்டுவது அபூர்வம். டிக்கி மேல் பெரிய விங் மாட்டினால் வண்டி ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், மைலேஜும் கூடும் என்கிறார் ஆக்சஸரீஸ் கடைக்காரர். நம்பலாமா?

பிட்லேன் பெரியசாமி:
தம்பி, இரண்டையும் ஒரே பலகை தராது. விங் என்பது தலைகீழாக மாட்டிய விமான இறக்கை. காற்றை மேலே திருப்பி, வண்டியைக் கீழே அமுக்கும். அதற்குக் கூலி காற்றுத் தடை; அதைப் பெட்ரோலாகத்தான் கட்ட வேண்டும்.

டிக்கியில் நாலு மூட்டை மணல் போட்டாலும் டயர் அழுந்தும்தான். ஆனால் வளைவில் அந்த மூட்டைகளையும் சேர்த்துத் திருப்ப வேண்டும், பிரேக்கில் நிறுத்த வேண்டும். காற்று தரும் அழுத்தத்தில் அந்தச் சுமை இல்லை. ரேஸ்காரர்கள் இதற்காகத்தான் உயிரை விடுகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசியாகிவிடும். போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் (992 தலைமுறை) காருக்கு நிறுவனம் சொல்லும் கணக்கு 200 கி.மீ. வேகத்தில் 409 கிலோ, 285-ல் 860 கிலோ. அப்படியானால் 100-ல் சுமார் 100 கிலோதான். அதுவும் கூரையைவிட உயரமான விங், முன்பக்க அமைப்பு, அடிப்பாகம் எல்லாம் சேர்ந்து தருவது. கடைக்காரரின் ஃபைபர் பலகையிடம் என்ன எதிர்பார்க்கிறாய்?

இன்னொன்று. பின் அச்சுக்கும் பின்னால் அமுக்கினால் மூக்கு லேசாகத் தூக்கும். உன் வண்டியை இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரம்தானே?

வைகைக்கரை:
சரி அண்ணே. அப்புறம் ஏன் கம்பெனியே சின்ன ஸ்பாய்லர் வைத்துக் கொடுக்கிறது?

பிட்லேன் பெரியசாமி:
அது வேறு சமாச்சாரம். விங்கின் மேலும் கீழும் காற்று போகும். ஸ்பாய்லர் பாடியோடு ஒட்டியிருக்கும். பாடியின் வளைவில் வழிந்து இறங்கும் காற்றை அங்கேயே அறுத்துவிடும்.

அறுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு முதல் தலைமுறை ஆடி டிடி கார் சாட்சி. 1998-ல் வந்தபோது பின்பக்கம் வழவழவென்று இருக்கும், ஸ்பாய்லரே கிடையாது. 180-க்கு மேல் போகும்போது சட்டென்று லேன் மாற்றியவர்கள் கட்டுப்பாட்டை இழந்தார்கள்; உயிரும் போனது. பிறகு வண்டிகளைத் திரும்ப அழைத்து, ஒரு சின்ன ஸ்பாய்லர் ஒட்டி, ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) சேர்த்து, சஸ்பென்ஷனையும் மாற்றினார்கள். அழகு போச்சு என்று புலம்பியவர்கள் உண்டு. எனக்கு உதடு மாதிரி இருக்கும் அந்த ஸ்பாய்லரோடு பார்த்தால்தான் பிடிக்கிறது.

உன் ஹேட்ச்பேக்கின் கூரை நுனியில் இருப்பதும் இந்த வகைதான். கூரையை ஒட்டி வரும் காற்று கண்ணாடிப் பக்கம் சரியாமல் விலகிப் போகும். தடை கொஞ்சம் குறையும். மைலேஜ் பேச்சு இங்கிருந்து கிளம்பியிருக்கலாம்.

டிங்கர் மாமா:
வேலை செய்பவனாக ஒன்று சொல்கிறேன். டிக்கிக் கதவு மெல்லிய தகடு. விங்குக்காகப் போட்ட ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் இறங்கித் துரு ஏறிய வண்டிகள் என்னிடம் வருகின்றன. கூடுதல் எடையில், கதவைத் தூக்கி நிறுத்தும் கேஸ் ஸ்ட்ரட்டும் சீக்கிரம் தளர்ந்துபோகும். ஆசைக்குத்தான் என்றால் ஓட்டை போடாமல் ஒட்டுகிற சின்ன லிப் ஸ்பாய்லர் வாங்குங்கள், அது போதும்.