ராணுவ ஆபிஸர் செலக்‌ஷன் மெடிக்கல்ல அன்ஃபிட், அப்பீல் போனவங்க எழுதுங்க

பாலக்கோடு பையன்:
எஸ்எஸ்பில (ஆபிஸர் தேர்வு இன்டர்வியூ) ரெகமெண்டட், மத்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். மெடிக்கல்ல எலும்பு டாக்டர் முட்டி ரெண்டையும் ஒட்டி நிக்கச் சொன்னார். கணுக்கால் ஒட்டல. அவரே குத்தவச்சு உக்காந்து நடுவுல ஸ்கேலை வச்சார். ஆம்பளைங்களுக்கு 5 செ.மீ.க்குள்ள இருக்கணும், எனக்கு ஆறைத் தொட்டுச்சு. எழுதாம நிமிர்ந்து பாத்து, எந்த ஊருன்னு இந்தில கேட்டார். தர்மபுரின்னேன். "சின்ன வயசுல என்ன தண்ணி குடிச்சே?" போர் தண்ணி சார். தலையாட்டிட்டு 'நாக் நீ, அன்ஃபிட்'னு எழுதிட்டார். அப்பீல் போர்டுல அளந்தவர் நாலரைன்னு எழுதி ஃபிட் ஆக்கிட்டார். கடைசில மெரிட் லிஸ்ட்ல பேர் வரல, அது வேற கதை. அந்தத் தண்ணிக் கேள்வி தான் இன்னும் மண்டைக்குள்ள இருக்கு. எங்க தாத்தா கழுத்தை மட்டும் திருப்ப மாட்டார், கூப்பிட்டா உடம்போட திரும்புவார். வயசாயிடுச்சு, அதான்னு இருந்தோம்.

ஊத்தங்கரை பொண்ணு:
தம்பி, நம்ம பக்கத்து போர் தண்ணில இருக்கற ஃப்ளோரைடு உப்பு பல்லு, எலும்பைப் பாதிக்கும், சரி. ஆனா அதனால தான் முட்டின்னு அந்த டாக்டர் சொன்னாரா? ஊரைக் கேட்டார், தண்ணியைக் கேட்டார், அவ்வளவு தானே. நீங்களா முடிச்சுப் போடாதீங்க. என் கதையைக் கேளுங்க. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், அதான் காவிரித் தண்ணி, 2013ல தான் வந்துச்சு, அதுக்குள்ள எனக்குப் பல்லு முளைச்சு காவிக்கறையும் ஏறிடுச்சு. டென்டல்ல மேடம் வாயில கண்ணாடியை விட்டு ஒவ்வொரு பல்லா பாயிண்ட் சொல்ல, பக்கத்துல ஒருத்தர் எழுதறார். நடுவுல நிறுத்தி, "குட்கா போடுவியா?" வாயில கண்ணாடி, பதில் சொல்ல முடியல. கண்ணுல தண்ணி வந்துருச்சு. 22க்கு 14 பாயிண்ட் போதும், எனக்கு அதுக்கு மேலயே இருந்துச்சு. கறையைப் பத்தி ஷீட்ல ஒரு வார்த்தை இல்ல. ஆனா வெளிய வந்து பசங்க முன்னாடி வாயைத் திறக்கவே இல்ல.

ஓசூர்க்காரன்:
அக்கா பையன் அமெரிக்க சிட்டிசன், அங்க ராணுவ அகாடமி வெஸ்ட் பாயிண்டுக்குப் போட்டான். 13 வயசுக்கு மேல ஆஸ்துமா இருந்தாலே அங்க மெடிக்கல்ல தகுதி இல்லைன்னு வரும். ஆனா வேய்வர்னு ஒண்ணு இருக்கு, அகாடமி நெனச்சா விலக்கு கொடுக்கலாம். இங்கயும் அப்படிக் கேட்டா என்ன?

அரூர் எக்ஸ்-சர்வீஸ்மேன்:
அமெரிக்காவை இங்க கலக்காதீங்க. நம்ம ஆபிஸர் பயிற்சி அகாடமிங்க என்டிஏ, ஓடிஏவுக்கு விலக்குன்னு பேச்சே கிடையாது, மறுபடி பரிசோதனை தான். முதல்ல அப்பீல் போர்டு, 42 நாளுக்குள்ள போயிடணும். வேற ஆஸ்பத்திரி, வேற டாக்டர். அதுலயும் போச்சுன்னா ரிவ்யூ போர்டு. அது உங்க உரிமை இல்ல, கேஸைப் பாத்து அனுமதி கொடுத்தா தான். டெல்லி ஆர்ஆர் ராணுவ ஆஸ்பத்திரி இல்லன்னா புனே ஏஎஃப்எம்சி ராணுவ மெடிக்கல் காலேஜ்ல நடக்கும். வெளி டாக்டர் ரிப்போர்ட்டைக் கட்டு கட்டா தூக்கிட்டுப் போனாலும் போர்டு தன் கண்ணால பாத்ததைத் தான் எழுதும். நான் பாத்த வரைக்கும் பசங்க கோட்டை விடறது பெரிய வியாதில இல்ல. காது அழுக்கு! குரும்பி இருந்தா செவிப்பறை தெரியாது, போர்டு என்ன செய்யும்? கிளம்பறதுக்கு முன்னாடியே காது டாக்டர்கிட்ட எடுத்துடுங்க, வீட்டுல ஊக்கைப் போட்டு நோண்டாதீங்க. எடை பாத்துக்கங்க. பச்சை குத்தாதீங்க. முட்டி கோணல்னு எவனோ சொன்னான்னு ஆபரேஷனுக்கு ஓடாதீங்க. எங்க காலத்துல...

ஊத்தங்கரை பொண்ணு:
ஐயா, காதைப் பத்தி இங்க யாருமே கேக்கலையே.

சூளகிரி:
எனக்கு உள்ளங்கை வேர்வை. டாக்டர் கையைப் பிடிச்சுப் பாத்தார், விட்டதும் தன் கையை பேண்ட்ல துடைச்சார். அப்பவே தெரிஞ்சு போச்சு. பேப்பர் ஒண்ணைக் கையில கொடுத்துப் பிடிச்சுக்கச் சொன்னார், பேப்பர் நனைஞ்சு விரல் ரேகையோட சுருங்கிடுச்சு. அப்பீல் போட்டிருக்கேன். ஏசி ரூமா, வெளி வராண்டாவா, எங்க வச்சுப் பாப்பாங்கன்னு போனவங்க யாராச்சும் சொல்லுங்க.