ஊர்ச் சபைப் பள்ளியில் சேர்க்கலாமா?

தாராவிவாசி:
என் மகளை இரண்டாம் வகுப்பிலிருந்து திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஊரில், ஆச்சி வீட்டில் விட்டு, கோயிலை (தேவாலயத்தை) ஒட்டி, கிறிஸ்தவச் சபை நடத்தும் தொடக்கப்பள்ளியில் சேர்க்க நினைக்கிறோம். ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள் என்பதுதான் தயக்கம். படிப்பின் தரம் எப்படி இருக்கும்?

சயான் ஆசிரியை:
அது அரசு உதவி பெறும் பள்ளியா என்று முதலில் விசாரியுங்கள், ஐயா. அவ்வாறாயின், நிர்வாகம் சபையிடம் இருந்தாலும் ஆசிரியர் ஊதியத்தை அரசே வழங்குகிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்களையே வகுத்திருப்பதால், எண்ணிக்கையை மட்டும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஓர் ஆசிரியர் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் நேரத்தில், அதே அறையில் இருக்கும் மற்ற வகுப்புக் குழந்தைகள் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு மட்டும் இருக்கிறார்களா, அல்லது அவர்களுக்கென்று தனி வேலை தரப்பட்டிருக்கிறதா என்பதை அரைநாள் அமர்ந்து கவனியுங்கள். தரம் அங்கேதான் தெரியும். சுவரின் வண்ணத்தில் அன்று.

நெல்லை அண்ணாச்சி:
மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் பாடநூலில் இல்லாத நான்கு வரிகளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். 2024 ஜூலை முதல் கிராமப்புற உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளிலும் காலை உணவு உண்டு.

மாட்டுங்கா வாசகர்:
தமிழுக்காகத்தான் என்றால், மும்பை மாநகராட்சியே தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறதே! அவற்றையும் பார்த்துவிட்டு, பிள்ளையைப் பிரிவதைப் பற்றி முடிவெடுங்கள்.