மறுமொழி: ‘போர்ட் சைட் ஹெர்னியா’வுக்குத் தமிழ்ச் சொல்

> லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவை) செய்துகொள்பவர்களுக்கான கையேட்டில் இந்தச் சொல் வருகிறது: துளை போட்ட இடத்தில் வயிற்றினுள் இருப்பது பிதுங்கி வருவது. ‘நுழைதுறைக் குடலிறக்கம்’ சரியா? அல்லது பொதுவாகத் ‘தழும்புக் குடலிறக்கம்’ என்றே விட்டுவிடலாமா?

வணக்கம் ஐயா. இரண்டிலும் எனக்குத் தடை உண்டு.

துறை வேண்டாம். போர்ட் என்றதும் துறைமுகம் நினைவுக்கு வந்ததன் விளைவு அது. இங்கே பேசுவது ட்ரோக்கார், அதாவது வயிற்றுச் சுவரைத் துளைக்கும் கருவி, போன வழியைப் பற்றி. ட்ரோக்காரின் நடுத்தண்டு வயிற்றுச் சுவரைத் துளைத்ததும் அதை உருவிவிடுவார்கள். சுற்றியிருக்கும் குழல் மட்டும் நிற்கும். கேமராவும் கருவிகளும் அதன் வழியே போகும். நோயாளிகளே ‘ஓட்டை போட்டுப் பண்ற ஆபரேஷன்’ என்கிறார்கள். ‘துளை’ போதும்.

தழும்பு இன்னும் சிக்கல். இந்த ஹெர்னியாவில் முந்தி வருவது, பிந்தி வருவது என இரண்டு உண்டு. பிந்தியது பல மாதம் கழித்து, தசையுறை (வயிற்றுத் தசையை மூடிய உறுதியான உறை) மட்டும் விலகி, வயிற்றின் உள்சவ்வு பையாகப் பிதுங்கி வரும். அதைத் தழும்பு என்றால் பொருந்தும். முந்தியது பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள். தசையுறையோடு உள்சவ்வும் திறந்துகொள்ள, பையே இல்லாமல் சிறுகுடல் நேராகத் துளையில் வந்து மாட்டும். அப்போது தழும்பு ஏது? தையல்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள். ஆபத்தானதும் அதுதான். அதை விட்டுவிடுகிற பெயர் எதற்கு?

‘குடலிறக்கம்’ கவட்டை ஹெர்னியாவுக்கு அழகாகப் பொருந்தும், விதைப்பை வரை இறங்குகிறதே. தொப்புளில் எதுவும் இறங்குவதில்லை. போதாததற்குக் கருப்பை இறக்கம் வேறு இருக்கிறது. அது ஹெர்னியாவே அல்ல. வெளியே வருவதும் எப்போதும் குடல் இல்லை, பல நேரம் குடலை மூடித் தொங்கும் கொழுப்புத்திரை.

என் பரிந்துரை: துளைவாய்ப் பிதுக்கம். புண்வாய் என்று நாம் சொல்வதில்லையா, அதே வாய்.

* * *

> துளைவாய்ப் பிதுக்கம்

பிதுக்கம் சரி, டாக்டர். ஆனால் குடலிறக்கம் என்றால் பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியும். அதைத் தூக்கிவிட்டால் கையேட்டை யார் புரிந்துகொள்வார்கள்? இன்னொன்று, எல்லாத் துளையிலும் இது வருமா? 5 மி.மீ. துளைக்கும் 10 மி.மீ. துளைக்கும் ஒரே பெயரா?

(இலங்கை வாசகர்களுக்குக் கையேடு போகுமானால் ‘சத்திரசிகிச்சை’ என்றும் அறுவைக்கு ஓரிடத்தில் போடுங்கள்.)

* * *

பெயர் ஒன்றே போதும். வரும் வாய்ப்புதான் வேறு. 10 மி.மீ.யும் அதற்கு மேலும் இருந்தால் தசையுறையைத் தைக்க வேண்டும் என்பது பொது வழக்கம். பெரியவர்களுக்கு 5 மி.மீ. துளையை வழக்கமாகத் தைப்பதில்லை. ஆனால் நீண்ட அறுவையில் கருவியை அப்படியும் இப்படியும் சாய்த்துச் சாய்த்து அந்தத் துளையும் அகன்றுவிடலாம். குழந்தைகளுக்கு 5 மி.மீ.யிலும் வரும் என்பதால் அதையும் தைப்பார்கள்.

தொப்புள் துளையில்தான் இது அதிகம். அறுவைக் குறிப்பேட்டில் 10 மி.மீ. என்று இருக்கும், கல் நிறைந்த பித்தப்பையை இழுத்தெடுக்க அதை விரித்திருப்பார்கள். நிஜ அளவு வேறு. உடல் பருத்தவர்களிடம் இன்னொரு வலை: கொழுப்பின் அடியில் தசையுறையின் விளிம்பு கண்ணில் படாது. தோலை நேர்த்தியாகத் தைத்து முடித்திருப்பார்கள், உள்ளே வாய் திறந்தே கிடக்கும். அதனால்தான் ஜே வடிவ ஊசியும், கேமராவில் பார்த்தபடியே நூலை உள்ளே கொண்டுபோய் வாங்கும் ஊசிக்கருவியும் வந்தன. சர்க்கரை நோய், புகைப்பழக்கம், துளையில் சீழ், விடாத இருமல் எல்லாம் மேலும் கெடுக்கும்.

குழலை உருவும் விதத்திலும் தப்பு நடக்கும். வயிற்றை உப்பவைக்க ஏற்றிய கார்பன் டை ஆக்சைடு உள்ளே 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் நிற்கிறது. அதை வெளியேற்றாமல் குழலை வெடுக்கென்று இழுத்தால், பீறிடும் வாயுவோடு கொழுப்புத்திரையும் துளைக்குள் வந்துவிடும். வால்வைத் திறந்து வாயுவை முதலில் விட வேண்டும். கேமராக் குழல் கடைசியாக, பார்த்தபடியே வர வேண்டும்.

இந்தத் துளைகளில் வரக்கூடிய ஒரு வகையான ‘ரிக்டர் ஹெர்னியா’வுக்கும் சேர்த்தே சொல் வேண்டும். துளை சிறியது என்பதால் குடலின் முழுச் சுற்றும் மாட்டாமல் சுவரின் ஒரு பக்கம் மட்டும் கவ்வப்படும். குடலின் உள்வழி திறந்திருப்பதால் வாயு பிரியும், மலமும் போகலாம். கவ்வப்பட்ட சுவரோ ரத்தமின்றி அழுகிக்கொண்டிருக்கும். ‘வாயு பிரிஞ்சிடுச்சுல்ல, ஒண்ணுமில்லை’ என்று வீட்டில் சொல்லும் ஆறுதல் இங்கே செல்லாது. ‘ஒருபக்கச் சுவர்ப் பிதுக்கம்’ என்று வைத்து, ரிக்டர் பெயரையும் அடைப்பில் விடலாம்.

குடலிறக்கம் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். அகராதிக்குப் பிதுக்கம், கையேட்டின் முதல் வரியில் இரண்டும். இப்படி எழுதிப் பார்த்தேன்:

“துளைவாய்ப் பிதுக்கம் (துளை போட்ட இடத்தில் வரும் குடலிறக்கம், ஹெர்னியா): துளை இருந்த இடத்தில் புதிதாகப் புடைப்பு, இருமினால் பெரிதாவது, குமட்டல், வாந்தி, விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே காட்டுங்கள். வாயு பிரிந்தாலும் காட்டுங்கள். புடைப்பை நீங்களே அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள்.”

‘புடைப்பு’ என்பதா ‘வீக்கம்’ என்பதா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள். எனக்குப் புடைப்புதான். வீக்கம் என்றால் தையல் போட்ட எல்லா இடத்திலும் முதல் வாரம் இருக்கும்.