ஃப்ளாக்ஸ் இலையில் வெள்ளைப் பொடி: வெட்டிவிடலாமா?

காட்பாடியில் மொட்டை மாடித் தோட்டம். பதினோரு தொட்டி ஃப்ளாக்ஸ் பூச்செடியில் எட்டில் இலை மேல் மாவு தூவினதுபோல வெள்ளைப் பொடி. அடியிலை மஞ்சளாகிக் காய்ந்து, அப்படியே மேலே ஏறுகிறது. மொட்டுகள் விரியாமலே சுருங்குகின்றன.

ஒரே பருவத்தில் முடியும் ட்ரம்மாண்டி வகை. அக்டோபர் கடைசியில் விதைத்து, டிசம்பர் முதல் வாரம் 8 அங்குலத் தொட்டிக்கு மாற்றினேன், தொட்டிக்கு மூன்று செடி. டெக்சாஸ் மணல்வெளியில் காற்றாட வளர்கிற செடியை இப்படி நெருக்கியது என் தப்புதான். செம்மண், மணல், மாட்டு எரு சமபங்கு. வெயில் காலை 11 வரை, அப்புறம் சுவர் நிழல். பொங்கல் முடிந்து பனி கொட்டிய வாரத்தில் பொடி தெரிந்தது.

வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசலோடு வாரம் ஒன்றாக மூன்று முறை அடித்தேன். புளித்த மோர் இரண்டு முறை. எறும்பு வந்ததுதான் மிச்சம். கெட்ட இலைகளைக் கிள்ளிவிட்டேன், தண்ணீர் வேருக்கு மட்டும். நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து அடிக்கும் பூஞ்சைக்கொல்லித் தூள்) வாங்கியாச்சு, ஆனால் எண்ணெய் அடித்து நான்கு நாள்தான் ஆகிறது. உடனே அடித்தால் இலை கருகும்.

இப்போது பாதிக்கு வெட்டிவிட்டால், வேலூர் வெயில் ஏறுவதற்குள் மறுபடி துளிர்த்துப் பூக்குமா?