நகரமன்றக் கூட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கிறீர்களா?

நகரமன்றக் கூட்டம் என்றாலே மைக்கைப் பிடுங்கும் காணொளிதான் பலருக்கும் ஞாபகம் வரும். நான் கேட்பது அதை அல்ல. சிறிய நகரம், மேயரையும் சேர்த்து ஐந்தே உறுப்பினர்கள், பார்வையாளர் வரிசையில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், அதிலும் ஒருவர் அரைத் தூக்கம். இப்படி எதுவுமே நடக்காததுபோல் தெரியும் சாதாரணக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருமுனையில் சாலையைக் கடக்கும் கோடு அழிந்துபோய் நாளாகிவிட்டது. கோட்டைத் திரும்பப் போட்டு, எச்சரிக்கை விளக்கும் வைக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் கையெழுத்து வாங்கி மனு கொடுத்திருந்தோம். அடுத்த கூட்டத்தில் வருகிறது என்று கடிதம் வந்தது. யாராவது எதிர்த்தால் பதில் சொல்ல வேண்டுமே என்று படங்கள், காகிதங்கள் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன்.

வருகைப் பதிவு முடிந்தது. அப்புறம் மேயர், "மூன்று முதல் பதினொன்று வரை. யாராவது எதையாவது தனியாக எடுக்க வேண்டுமா?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், ஐந்து பேரும் வரிசையாக "ஆம்" சொன்னார்கள். அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

பக்கத்தில் இருந்த பெரியவரிடம், "சார், கிராசிங் விஷயம் எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"அது எட்டாவதுங்க. முடிஞ்சு போச்சே."

கேட்டது கிடைத்த சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது. பெரியவர் வெளியே அழைத்துப்போய் விளக்கினார். யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று தோன்றும் விஷயங்களை ஒரே கட்டாகக் கட்டி ஒரே வாக்கெடுப்பில் முடிப்பார்களாம். பில்களுக்கு ஒப்புதல், முடிந்த வேலையை ஏற்றுக்கொள்வது, ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது எல்லாம் இதில் வரும். ஓர் உறுப்பினர் "எட்டாவதைத் தனியாக எடுங்கள்" என்று சொன்னால் போதும், அது கட்டிலிருந்து வெளியே வந்து தனியாக விவாதிக்கப்படும். சில ஊர்களில் பொதுமக்களே அப்படிக் கேட்கலாம்.

வீட்டுக்கு வந்து கூட்ட இணைப்பை, அதாவது பொருள் பட்டியலோடு முன்பே வெளியிடும் ஆவணத் தொகுப்பை, திறந்து பார்த்தேன். எங்கள் கோட்டைப் பற்றிப் பொறியாளர் விரிவான அறிக்கை எழுதியிருந்தார். எந்த நிதியிலிருந்து பணம் வருகிறது, வேறு என்ன வழிகள் பார்த்தார்கள், ஏன் அவை ஒத்துவரவில்லை என்று எல்லாமே இருந்தது. நான் கொண்டுபோன காகிதங்களைவிட அது நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து கூட்டத்துக்குப் போகிறேனோ இல்லையோ, இணைப்பைப் படித்துவிடுவேன். அறையில் நடப்பது பாதிதான். மீதி அந்தப் பக்கங்களில் ஏற்கனவே நடந்து முடிந்திருக்கும்.

அன்றைக்கு நீண்ட நேரம் ஓடிய விவாதம் எது தெரியுமா? பூங்கா பெஞ்சுக்குப் பச்சை அடிப்பதா, பழுப்பு அடிப்பதா என்பது. கழிவுநீர் பம்பு ஒப்பந்தமோ எங்கள் கோட்டோடு சேர்ந்து அதே மூச்சில் போய்விட்டது.

*

அந்தப் பெஞ்சுக் கதை எல்லா மன்றங்களிலும் உண்டு. பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1957இலேயே இதைக் கிண்டல் செய்து எழுதிவிட்டார். அணு உலைக்குச் சில நிமிடம், சைக்கிள் கொட்டகைக்கு அதைவிட அதிக நேரம், கூட்டத்துக்கு வாங்கும் காபிக்கு எல்லாவற்றையும்விட அதிக நேரம். அணு உலை யாருக்கும் புரியாது, காபி எல்லோருக்கும் தெரியும். இதற்காக உறுப்பினர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பம்பைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டுமென்றால் பம்பைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

*

நான் இந்தக் கூட்டங்களில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள். நகரச் செயலர் அலுவலகத்தில் மினிட்ஸ், அதாவது நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதுதான் என் வேலை. சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே கோபத்தோடு பலர் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள்.

முதல் கோபம்: "நான் அவ்வளவு பேசினேன், குறிப்பில் ஒரு வரிகூட இல்லை." நடவடிக்கைக் குறிப்பு என்பது என்ன முடிவெடுத்தார்கள் என்பதன் பதிவு. யார் முன்மொழிந்தார், யார் எப்படி வாக்களித்தார், தீர்மானம் நிறைவேறியதா என்பவை கட்டாயம் இருக்கும். பேச்சு இருக்க வேண்டிய அவசியமில்லை. பெரும்பாலும் பேசியவர் பெயரும் பொருளும் மட்டும் எழுதுவோம். நீங்கள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை கோப்பில் இருக்க வேண்டும் என்றால் எழுதிக் கொண்டுவந்து கொடுங்கள். அது பதிவேட்டில் சேர்ந்துவிடும். ஒரு பெரியம்மா எப்போதும் கையால் எழுதி ஒரு நகல் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார். பிறகு ஒரு நில விவகாரத்தில் பழைய கோப்பைத் தேடியபோது, அந்தப் பகுதி மக்களின் ஆட்சேபத்துக்கு எழுத்தில் இருந்த ஒரே சாட்சி அவருடைய காகிதம்தான்.

இரண்டாவது கோபம் இதைவிடப் பெரியது: "நான் பேசுகிறேன், ஐந்து பேரும் பொம்மை மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்." அது அலட்சியமாக இருக்க வேண்டியதில்லை, பல இடங்களில் சட்டமே அப்படி. கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பிரவுன் சட்டம் என்று ஒன்று 1953இலிருந்து இருக்கிறது. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே பொருள் பட்டியலை ஒட்டிவிட வேண்டும். பட்டியலில் இல்லாததை விவாதிக்கவும் கூடாது, முடிவெடுக்கவும் கூடாது. பொதுமக்கள் பேச ஒதுக்கும் பொது நேரத்தில் நீங்கள் எழுந்து குப்பை வண்டியைப் பற்றிப் பேசினால் அவர்கள் சுருக்கமாகப் பதில் சொல்லலாம், விளக்கம் கேட்கலாம், அதிகாரியிடம் கவனிக்கச் சொல்லலாம். அதற்கு மேல் போனால் அவர்கள்தான் விதியை மீறியவர்கள். யோசித்துப் பார்த்தால் இது நமக்கான பாதுகாப்புத்தான். இல்லாவிட்டால் குப்பை வண்டிக் கட்டணத்தை உயர்த்த நினைப்பவர், யாருக்கும் தெரியாமல் ஒரு ராத்திரியில் அதைப் பேசி முடித்துவிடலாமே.

ஆகவே பதில் வேண்டுமென்றால் கூட்டத்துக்கு முன்பே உறுப்பினருக்கு எழுதி, விஷயத்தைப் பட்டியலில் ஏற்றச் சொல்லுங்கள். பொது நேரத்தில் பேசுவது கதவைத் தட்டுவது மட்டும்தான்.

*

பார்வையாளருக்குக் கொடுக்கும் மூன்று நிமிடத்தில் பேசியவன் என்ற முறையில் ஒரே ஒரு விஷயம். மேடையில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு இருக்கும். மூன்று நிமிடம் என்பது கேட்கும்போது அதிகமாகத் தெரியும். முதல் நிமிடத்தை "மதிப்பிற்குரிய மேயர் அவர்களே, உறுப்பினர்களே" என்று ஆரம்பித்து, குடும்ப வரலாற்றில் கழித்தவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் எரியும்போதுதான் விஷயத்துக்கே வருவார்கள். எனக்கு முன்னால் பேசிய ஒரு பெண், "பொருள் ஒன்பதை எதிர்க்கிறேன், காரணம் நாற்பத்தோராம் பக்கத்து அட்டவணையில் கூட்டல் தவறு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பக்கத்தைப் புரட்டினார்கள். அந்தப் பொருள் அன்றைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

*

ஒரு தவணை உறுப்பினராக இருந்தேன். பார்வையாளருக்குத் தெரியாத சில சங்கடங்கள் உண்டு.

ஐந்து பேர் மன்றத்தில் மூன்று பேர் சேர்ந்தால் கோரம், கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை. அதாவது மூன்று உறுப்பினர்கள் ஓரிடத்தில் கூடி ஊர் வேலையைப் பேசினால் அதுவே கூட்டம், அறிவிப்பில்லாத கூட்டம். ஒரு திறப்பு விழாவில் நானும் இன்னொருவரும் பேசிக்கொண்டிருந்தோம், மூன்றாமவர் தட்டோடு வந்து அதே மேசையில் உட்கார்ந்தார். அதுவரை சாலைப் பணியைப் பற்றி ஓடிக்கொண்டிருந்த பேச்சு அப்படியே வானிலைக்குத் தாவியது. சேர்ந்து உட்காருவதில் தவறில்லை, ஊர் விஷயத்தைப் பேசினால்தான் வம்பு. ஒருவர் இரண்டாமவரிடம் சொல்லி, அவர் மூன்றாமவரிடம் சொல்லி, இப்படிச் சங்கிலியாக ஒரு முடிவுக்கு வருவதும் தடை. மின்னஞ்சலில் எல்லோருக்கும் பதில் அனுப்பும் பொத்தானைத் தொடவே பயமாக இருக்கும்.

இன்னொன்று சொந்த நலன். என் வீட்டுக்குப் பக்கத்து நிலத்தில் கட்டட அனுமதி விஷயம் வந்தது. கலிஃபோர்னிய விதிப்படி நம் சொத்து அந்த இடத்திலிருந்து 500 அடிக்குள் இருந்தால், முடிவு நம்மைப் பாதிக்கும் என்றே பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். காரணத்தைச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். அன்றைக்கு ஒருவர் வரவில்லை, நானும் வெளியே, மீதி மூன்று பேர். அதில் ஒருவருக்கு இருமல் தாங்கவில்லை. அவர் எழுந்து போயிருந்தால் கோரம் போய்விடும், மேலே எதுவும் நடக்காது. இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தார், பாவம்.

வழிமொழிவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க மன்றங்களில் பெரும்பாலும் ராபர்ட் விதிகளைத்தான் அடிப்படையாக வைத்திருப்பார்கள். ஹென்றி ராபர்ட் ராணுவப் பொறியாளர், ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கித் திணறிய பிறகு 1876இல் தொகுத்தவை அவை. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் போகாத சிறிய குழுக்களுக்கு அதிலேயே சலுகை இருக்கிறது. வழிமொழிய ஆள் தேவையில்லை, தலைவரும் விவாதத்தில் கலந்துகொள்ளலாம். ஆனால் எங்கள் மன்றம் தன் சொந்த விதியில் வழிமொழிவதைக் கட்டாயமாக்கி வைத்திருந்தது. அதனால் நான் முன்மொழிந்த ஒரு தீர்மானம் எதிர்த்து ஒரு வாக்குகூட விழாமலே செத்துப்போனது. "வழிமொழிபவர் உண்டா?" என்று மேயர் கேட்டார், அவ்வளவுதான். தோற்றிருந்தாலாவது யார் எதிரி என்று தெரிந்திருக்கும்.

*

இங்கிலாந்துப் பக்கத்திலிருந்து. இங்கே ஹேண்ட்ஃபோர்த் என்ற ஊரின் பாரிஷ் கவுன்சில் (ஊர் அளவிலான சிறிய மன்றம்) 2020 டிசம்பரில் ஸூமில் நடத்திய கூட்டம் கூச்சலும் சண்டையுமாகி, அந்தக் காணொளி 2021 பிப்ரவரியில் உலகம் முழுக்கச் சுற்றியது. இப்போது பாரிஷ் கவுன்சில் என்றாலே எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். நான் போகும் கூட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. மரக்கிளை வெட்டுவது, கல்லறைத் தோட்டத்துக் கேட், மானியக் கோரிக்கை, அவ்வளவுதான். மூன்று முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும், அதில் ஞாயிறு கணக்கில் வராது. தொற்றுக்காலத்தில் கொடுத்த இணையக் கூட்ட அனுமதி 2021 மே 6ஆம் தேதியோடு முடிந்ததால் திரும்பவும் நேரில் கூட ஆரம்பித்தார்கள். 2014 விதிப்படி பார்வையாளர் படம்பிடிக்கலாம். நான் ஒருமுறை பிடித்தேன், பார்த்த ஒரே ஆள் என் மனைவி. அதுவும் பாதி.

*

எல்லாம் முன்கூட்டியே முடிவானது, கூட்டம் வெறும் நாடகம் என்பது என் அபிப்பிராயம். முதலில் எழுதியவரின் கதையே அதற்குச் சான்று. ஐந்து "ஆம்" கேட்பதற்கு எதற்கு ஒரு ராத்திரியை வீணடிக்க வேண்டும்?

*

முதலில் எழுதியவன்தான். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூட்டல் தவறைக் காட்டிய அந்தப் பெண்ணை நாடகத்தில் எங்கே சேர்ப்பீர்கள்? அவசரச் சட்டம் தவிர மற்ற நகரச் சட்டங்களைக் கலிஃபோர்னியாவில் அறிமுகம் செய்த கையோடு நிறைவேற்ற முடியாது. நடுவில் குறைந்தது ஐந்து நாள் போக வேண்டும், நிறைவேறிய பிறகும் அமலுக்கு வர 30 நாள். அந்த இடைவெளி யாராவது படிக்கட்டும் என்றுதான். படிக்காமல் விட்டால் நாடகம்தான், மறுக்கவில்லை.

சரி, இப்போது எனக்கு ஓர் உதவி வேண்டும். அடுத்த கூட்டத்துக்கான இணைப்பு வந்துவிட்டது. ஒட்டுமொத்த ஒப்புதல் கட்டில், வடிகால் பணிக்கு "ஒப்பந்த மாற்று ஆணை எண் 4" என்று ஒன்று இருக்கிறது. தொகை சின்னதுதான். இதில் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

*

மினிட்ஸ் எழுதியவள். இருக்கிறது. டெண்டர் முடிந்து வேலை தொடங்கிய பிறகு கூடுதல் வேலைக்கோ விலை மாற்றத்துக்கோ போடுவது மாற்று ஆணை. குறிப்பிட்ட வரம்பு வரை அதிகாரியே கையெழுத்துப் போட்டுவிடலாம், அதைத் தாண்டினால்தான் மன்றத்துக்கு வரும். நான்காவது மட்டும் இப்போது வருகிறது என்றால், முதல் மூன்றும் அதிகாரி அளவிலேயே முடிந்திருக்கலாம். இந்தத் தொகையை விட்டுவிடுங்கள். அசல் ஒப்பந்தத் தொகையை எடுத்து, நான்கு ஆணைகளையும் அதோடு கூட்டி, டெண்டரில் இரண்டாவதாக வந்தவர் கேட்ட விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டெண்டர் ஒப்பீட்டுப் பட்டியல் ஒப்பந்தம் வழங்கிய கூட்டத்தின் இணைப்பில் இருக்கும். கிடைக்கவில்லையென்றால் செயலர் அலுவலகத்தில் கேளுங்கள், கொடுப்பார்கள். ஏதாவது இடித்தால் உங்கள் உறுப்பினருக்குக் கூட்டத்தன்று மதியத்துக்குள் எழுதி, அந்தப் பொருளைத் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். மேயர் "யாராவது எதையாவது" என்று கேட்ட பிறகு உங்களுக்கு நேரம் இருக்காது.