புழு வில்லன், கோட்டு போட்ட புலி: இதெல்லாம் சூப்பர்ஹீரோ கதையா?

கரிக்கோடு: 1940களின் பழைய கேப்டன் மார்வெல் காமிக்ஸை வரிசையாகப் படித்தேன், ஏமாற்றம். அநாதைப் பையன் பில்லி பேட்சன் "ஷஸாம்" என்றதும் இடி இறங்கி அவன் பெரிய வீரனாகிறான். சரி. ஆனால் 1943 முதல் 1945 வரை 25 பகுதிகள் ஓடிய தொடரில் மகா வில்லன் ஒரு புழு! மூக்குக்கண்ணாடி வேறு. 1947இல் கோட்டு போட்ட பேசும் புலி. சூப்பர்மேனைக் காப்பியடித்து மேலே கோமாளித்தனத்தைத் தூவியிருக்கிறார்கள். சூப்பர்மேனை வெளியிட்ட டிசி நிறுவனம் வழக்குப் போட்டதில் தப்பே இல்லை.

நடுப்பக்கம்: காப்பியா? சூப்பர்மேன் சாதாரண ஆளாக நடிக்கும் பலசாலி. பில்லி நிஜமாகவே சின்னப் பையன், ஒரு சொல்லில் பெரியவனாகிறான். படிக்கிற பையனின் ஆசையே அதுதானே! புழுவும் சும்மா வரவில்லை. முதலில் வெறும் குரல்தான். உலகத்து வில்லன்களை எல்லாம் ஆட்டிவைக்கும் அந்தக் குரல் யாருடையது என்று இதழ் இதழாகக் காக்கவைத்துவிட்டுத்தான் புழுவைக் காட்டுகிறார்கள். கதாசிரியர் ஆட்டோ பைண்டர் அந்தச் சிரிப்பைத் திட்டம் போட்டே எழுதியிருக்கிறார்.

கரிக்கோடு: அப்படியானால் கேப்டன் மார்வெலை வெளியிட்ட பாசெட் நிறுவனம் அந்த வழக்கில் ஏன் தோற்றது?

பழையதாள்: தோற்கவில்லை நண்பரே. 1951இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. அதற்குள் சூப்பர்ஹீரோ இதழ்களின் விற்பனையே சரிந்துவிட்டது. 1953இல் 4,00,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்து காமிக்ஸ் கடையைக் கட்டினார்கள். குறை சொல்வதென்றால் புலியை விடுங்கள், ஸ்டீம்போட் என்ற கறுப்பின வேலைக்காரரை வரைந்த விதத்தைச் சொல்லுங்கள். அசிங்கம். எதிர்ப்பு வந்து 1945இல் நீக்கினார்கள்.

நடுப்பக்கம்: அதற்கு என்னிடம் பதில் இல்லை, அது குறைதான். ஆனால் கோமாளித்தனம் அவ்வளவு சுலபமென்றால், 1973இல் டிசியே இந்த வீரனைத் திரும்பக் கொண்டுவந்தபோது ஏன் தடுமாறியது? பழைய ஓவியர் சி.சி. பெக்கையே கூப்பிட்டார்கள். கதைகள் சரியில்லை என்று பத்து இதழோடு அவர் விலகிவிட்டார். பெக் அந்தப் புலியைக் கிண்டலாக வரையவே மாட்டார், பக்கத்து வீட்டு மாமாவைப் போல வரைவார்.

கரிக்கோடு: புலியை வேண்டுமானால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தொடரின் முடிவில் அந்தப் புழுவுக்கு வழக்கு நடத்தி மின்சார நாற்காலித் தண்டனை கொடுக்கிறார்களே, அந்தத் துளியூண்டு உடம்பை எதில் கட்டினார்களாம்?